வடக்கு வீட்டு முதலாளியும் சுறாப்பீலி வியாபாரியும்

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. அதற்கு முன்னரே 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்த நாவல் அது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது. ஆனால் எங்கள் பகுதியில் அதைப் படித்தவர்களிடம் கேட்டால் "இது நம்மட ஊர்க் கதைதானே" என்றுதான் சொல்கிறார்கள். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, அங்கே தென்னை, இங்கே நெல். அப்படியிருந்தும் ஏன் நம்மட ஊர் என்று படுகிறது? பாத்திரங்களை ஒருவருக்கெதிரே ஒருவராக அவர் நிறுத்தியிருக்கும் முறைதான் காரணம் என்பது என் எண்ணம்.

வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்குக் குடும்பப் பெருமை இருக்கிறது, சொத்து இருக்கிறது, பள்ளிவாசலும் கைக்குள் இருக்கிறது. அவர் சொன்னால் ஊர் கேட்கும். அவருக்கு எதிரே நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. பெரிய வம்சம் இல்லாதவன், தன் உழைப்பில் நிற்கிறவன். இந்த எதிர்ப்பை ஒரு வெளியாளிடம் மீரான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஜமாஅத். ஒரே குத்பாவைக் கேட்கிறவர்கள், ஒரே மையவாடிக்குப் போகப் போகிறவர்கள். அந்நியன் பேச்சென்று முதலாளியால் மஹ்மூதைத் தள்ளிவிட முடியாது. தன் ஊரை விட்டு மஹ்மூதுக்கும் ஓட இடமில்லை. அவன் பேசும் ஒரு சின்ன வார்த்தைக்கும் கனம் வருவது இதனால்தான். பகை இருந்தால் மட்டும் போதாது, பகைத்தவர்களுக்குள் அறுக்க முடியாத ஒரு கட்டும் இருக்கவேண்டும்.

போடியாரும் முல்லைக்காரனும் தெரிந்த எங்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. வட்டையில் கூலியும் குத்தகையும் பேசும்போது ஒருவர் வரம்பிலும் மற்றவர் சேற்றிலும் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரே ஸஃபில் தோளோடு தோள் முட்டி நிற்பார்கள்.

அதே நாவலில் ஊருக்கு வெளியேயிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பரக்கத்தும் துஆவும் கொண்டு வருவதாகச் சொல்லும் தங்கள். மற்றவர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தொடங்க வரும் மெஹ்பூப்கான் மாஸ்டர். யாருக்கு விரிப்பு விரிக்கிறார்கள், யாரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதிலேயே முதலாளியும் ஊரும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார்கள். முதலாளி அறியாமை பிடித்தவர் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தங்கள் இல்லாமல் மாஸ்டர் மட்டும் வந்திருந்தால் நாவல் ஒரு கல்விப் பிரசாரமாக முடிந்திருக்கும்.

மகள் ஆயிஷாவின் பகுதி எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மஹ்மூதோடு மோதும்போது முதலாளி கடுமையாகத் தெரிகிறார். மகளிடம் அப்படியில்லை, பாசமுள்ள வாப்பாதான். அந்த வாப்பாவே குடும்பப் பெருமை பார்த்து, சித்தம் கலங்கிய ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுக்கிறார். எதிரிக்கு என்று வைத்திருந்த பெருமை கடைசியில் சொந்த மடியில்தான் விழுகிறது. மகள் இல்லாவிட்டால் முதலாளி வெறும் வில்லன்.

இந்த நுட்பம் நம் புனைகதைக்கு முதலிலேயே கிடைத்துவிடவில்லை. அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை எழுதியபோது நல்லவர் ஒருபுறம், கெட்டவர் ஒருபுறம் என்று பிரிந்து நின்றார்கள். சிறுவயதில் கடத்தப்பட்ட பிள்ளையின் கதைக்கு அது போதுமாகவும் இருந்தது. முன்னோடி நூலை அதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. நூறு வருடத்துக்குப் பின்னும் நாம் அங்கேயே நிற்கலாமா என்பதுதான் கேள்வி.

மீரானிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மஹ்மூது கொஞ்சம் கூடுதலாக நேரானவன். அவனுடைய பக்கம் நிற்பது வாசகனுக்குச் சுலபமாகிவிடுகிறது. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யில் அவர் அதைத் தாண்டிவிட்டார். முஸ்தபாக்கண்ணு உட்கார்ந்தே இருக்கிறார், மனைவி மரியம் நின்றுகொண்டே இருக்கிறாள். அவர் நாக்குருசிக்காக வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகின்றன. பெண்களை அடிக்க வம்சவம்சமாக வைத்திருந்த அதபுப் பிரம்பு வீட்டிலேயே கிடக்கிறது. விவாதமும் இல்லை, சீர்திருத்தப் பேச்சும் இல்லை. ஒரு நாற்காலிக்கும் ஒரு குசினிக்கும் இடையிலுள்ள தூரம்தான் நாவல்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இளம் பிள்ளைகள் எழுதும் கதைகள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. சீதனக் கதைதான் அதிகம். அதில் ஒரு மாமியார் வருவா, ராட்சசி. மருமகள் வாய் பேசாத பூச்சி. இதை எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வாய் வருகிறது. தொலைக்காட்சி நாடகத்திலிருந்து என்பது தெரிந்த விடயம்தான். எங்கட கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவர். மருமகளைக் கொடுமைப்படுத்த மாமியார் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும்!

நமது வீடுகளில் முரண் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்தாவுக்கு வீடு கட்டவென்று கட்டாருக்குப் போன தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வருசத்துக் காசு அந்தச் சுவரில் இருக்கிறது. லீவில் வந்தால் அந்த வீட்டில் அவன் விருந்தாளி, மச்சான்தான் வீட்டுக்காரர். மச்சானும் கெட்டவரில்லை, "இதை உங்கட வீடு மாதிரி நினைங்க தம்பி" என்று மனசாரத்தான் சொல்கிறார். அந்த 'மாதிரி' இவனைச் சுடுகிறது. அது சுட்டது மச்சானுக்குத் தெரியவே தெரியாது. நடுவில் ராத்தா சோறு பரிமாறுகிறா, யாருக்கு முதலில் வைப்பது என்று அவ கை ஒரு கணம் தயங்குகிறது. சண்டையே வேண்டாம், கதை அங்கேயே தொடங்கிவிட்டது. இதை ஏன் எழுதுகிறார்களில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் மவுத்தானார்கள். அதை வைத்து எழுதப்பட்ட கதைகள் நான்கு படித்தேன். நான்கிலும் எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் ஒரே குரலில் அழுகிறார்கள். துக்கம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாவது பக்கத்தில் யார் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகிறது.

முரண் வேண்டும் என்றால் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் என்றுதான் நமது பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். மவுத்து வீட்டில் அதைச் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் ஒரே பிள்ளையை இழந்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். உம்மா "அல்லாஹ்வுடைய கத்ர்" என்று சொல்லி, வருகிறவர்களுக்கெல்லாம் தானே ஆறுதல் சொல்கிறா. வாப்பா பேசுவதில்லை, மழை இருட்டினால் எழும்பிப் போய் வாசலில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஈமான் இருக்கிறது, இரண்டு பேரும் அந்தப் பிள்ளையை நேசித்தவர்கள். அவ பொறுமையை அவரால் தாங்க முடியவில்லை. அவர் மௌனத்துக்கு அவ பயப்படுகிறா. நாற்பது நாளும் போய், வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, அந்த வீட்டில் அவர்களிருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை என்ன? நான் படித்த நான்கு கதைகளிலும் அந்த வார்த்தை இல்லை.