அச்சுக்கு முந்திய வாசகர்

எங்கள் சமூகத்தில் ஒரு நூல் வந்தால் அதற்கு வாழ்த்துரை, அணிந்துரை எல்லாம் உண்டு. வெளியீட்டு விழாவில் நயவுரையும் உண்டு. முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ளத் தனவந்தர் ஒருவரும் இருப்பார். இவர்களில் அணிந்துரைகாரர் மட்டுமே அச்சுக்கு முன்னர் நூலைக் காண்கிறார். அவரும் பெரும்பாலும் பாராட்டுவதற்காகத்தான் காண்கிறார். பிழையைத் திருத்தக்கூடிய காலத்தில் அதை வாசித்தவர் எத்தனை பேர்? எங்கள் விமர்சனத்தின் பலவீனத்தை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன்.

இது நமக்குப் புதிய வழக்கம் அல்ல. ஹதீஸ் கலையில் பிரதி எடுத்தவர் அதனை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முகாபலா என்று பெயர். இமாம் இப்னு ஸலாஹ் (மறைவு 1245) தமது முகத்திமாவில் அதை மாணவரின் பொறுப்பாகவே வைக்கிறார். மாணவர் தம் பிரதியோடும் ஆசான் தம் பிரதியோடும் சேர்ந்திருந்து ஒப்பிடுவதே சிறந்தது என்கிறார். இரண்டாவது கண் படாத எழுத்தை அந்த அறிஞர்கள் இலேசில் நம்பவில்லை.

நம் காலத்திலும் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கு பற்றி 1953இல் ஆங்கிலத்தில் தனியாக ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியபோது, பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்தே எழுதினார். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று விரியும் அந்தப் பரப்பு ஒருவர் கண்ணுக்குள் அடங்குவதல்ல. இங்கே 1979இல் வந்த ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ மூன்று பேர் பெயரில் வந்தது: மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான். இரு தமிழரும் ஒரு முஸ்லிமும். அந்நூலின் எந்த வரிக்கும் மூவருமே பொறுப்பு. ஒரு சமூகத்தவர் மட்டும் இருந்து எழுதும்போது ‘நாம்’ என்ற சொல் தானாகவே சுருங்கிவிடுகிறது. மற்றவரும் அருகில் இருக்கும்போது அந்தச் சொல்லை எழுதுமுன் கை கொஞ்சம் நின்று போகும்.

இதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, முல்லைத்தீவில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில். அங்கே ஒரே மேசையில் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த நாங்களும் இருக்கிறோம், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் எழுத நிறைய உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதுதான் அரிது.

நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்தது பற்றி நான்கு பக்கம் எழுதி, பக்கத்துக் கதிரைத் தமிழ் டீச்சரிடம் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஆர் சேர் இந்த ‘அவர்கள்’? நானும் அதுக்குள்ள வாறனோ?”

பதில் வரவில்லை. இடைவேளை முடிந்து மணியும் அடித்துவிட்டது. வீட்டில் இருந்து எண்ணிப் பார்த்தேன். ‘அவர்கள்’ பதினொரு இடத்தில் வந்திருந்தது. சில இடங்களில் அது கட்டளையிட்ட இயக்கத்தைக் குறித்தது. சில இடங்களில் அயலவரைக் குறித்தது. இரண்டு இடங்களில் ஒரு முழுச் சமூகத்தையே குறித்தது. வெளிக்கிடும் நேரம் அழுதழுது சோற்றுப் பார்சல் கட்டித் தந்த பக்கத்து வீட்டு அம்மாவையும் அந்த ஒரு சொல் குற்றவாளியாக்கியிருந்தது. திருத்தி எழுதினேன். கட்டளையிட்டவர்களைப் பெயர் சொல்லியே எழுதினேன். 70,000க்கும் மேற்பட்ட வடபுல முஸ்லிம்களுக்கு நடந்தது பற்றிய குற்றச்சாட்டு அதனால் ஓர் இம்மியும் குறையவில்லை. அது யார் மீது என்பது மட்டும் தெளிவானது.

திருத்துகிறவரும் பிழை விடலாம். இளம் ஆசிரியர் ஒருவர் தம் முகாம் வாழ்க்கையைக் கதையாக எழுதித் தந்தபோது, தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்த தோரணையில் ‘கிடுகுக் கொட்டில்’ என்பதை ‘தற்காலிகக் குடியிருப்பு’ என்று மாற்றினேன். ‘வாப்பா’வைத் ‘தந்தை’ ஆக்கினேன். அவர் வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சேர், நாங்க இருந்தது கொட்டில்லதான்.” நான் அழகுபடுத்தியதில் உண்மை அழிந்துபோயிருந்தது. டீச்சர் என் சொல் எதையும் மாற்றவில்லை. கேள்வி மட்டும் கேட்டார், திருத்தம் என் கையில் இருந்தது. நான் கேள்வி கேளாமலே சொல்லை மாற்றினேன்.

ஆகவே சக ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. எழுதியதை அனுப்புமுன் பக்கத்துக் கதிரைக்குக் கொடுங்கள். முடிந்தால், உங்களோடு எல்லாவற்றிலும் உடன்படாத ஒருவருக்குக் கொடுங்கள். வாசிப்பவர் பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கட்டும்.

இந்தக் கட்டுரையையும் டீச்சர் வாசித்தார். சோற்றுப் பார்சல் வருகிற இடத்தில் ஒரு கோடு. ஓரத்தில், “அந்த அம்மான்ர பேரை ஏன் போடேல்ல?”

எனக்கு அப்போது பத்து வயது. பெயர் நினைவில்லை. உம்மாவிடம் கேட்க வேண்டும்.