வலீமா விருந்து முடிந்த பின்னேரம்

அக்குறணைக் கலியாணத்துக்கு வருகிறவர்களை முதலில் உறவாக்குவது சகன் சாப்பாடுதான். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர். முன்பின் அறியாத ஒருவரின் கை இறைச்சித் துண்டை நம் பக்கம் தள்ளிவிடும். “எடுங்க மாமா, வெட்கப்படாதீங்க” என்பார். வட்டிலப்பமும் முடிந்தால் பின்னேரம் முழுக்க நம் கையில்.

அப்போது பேராதனைக்குப் போங்கள். ஏ9 வீதியில் கண்டிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் ஆறு. மகாவலி வளைந்தோடும் தாவரவியல் பூங்காவில் அரசப் பனைகள் இரு வரிசையாக நிற்கின்றன. சாம்பல் நிற அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; சீமெந்துத் தூண்போல் வழுவழுப்பாக இருக்கும்.

பக்கத்திலேயே, ஹந்தானை அடிவாரத்தில், 1952இல் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த பல்கலைக்கழகம். பூமரங்களுக்குக் கீழே, “நீயும் இங்கதான் படிக்கோணும்” என்று பேத்தியின் கையைப் பிடித்து நடக்கும் உம்மும்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கலியாண வீட்டுக்கு வந்த பயணம் ஒரு பிள்ளையின் கனவாக மாறும் இடம் அது.

திரும்பும் வழியில் கறுவா, கராம்பு, சாதிக்காய் வாங்குங்கள். ஊருக்குப் போய்ப் பையைத் திறந்தால் மலைநாட்டு வாசம் எழும்.