தொடர்கதை வளர்த்த வாசகர்

இன்பத்திற்காகவே வாழ்நாள் முழுதும் படிக்கும் பழக்கம் ஒருவர்க்கு எவ்வாறு அமைகிறது என்னும் வினாவிற்குக் கல்வியாளர் பலவாறு விடை கூறுவர். அலுவலகக் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நாம், நமக்குத் தெரிந்த ஒரு சான்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது. வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு தைத்து வைத்த இல்லங்கள் பல. அத்தகைய கட்டு ஒன்று நம் பாட்டியாரின் பெட்டியில் தில்லிக்கு வந்து சேர்ந்தது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயின்று, தமிழில் எழுத்துகளை மட்டுமே அறிந்திருந்த நமக்கு, அன்னையார் இரவுதோறும் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேச, வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கும் கட்டத்தில் கட்டை மூடி விளக்கை அணைத்துவிட்டார். மறுநாள் அவர் அடுக்களையில் இருந்த வேளையில் நாமே எழுத்துக் கூட்டத் தொடங்கினோம்.

வெகுசன இதழ்களின் தொடர்கதைகள் இலக்கியத் தரத்தைத் தாழ்த்தின என்று க.நா.சு. போன்ற திறனாய்வாளர் குறை கண்டனர். அதனை முற்றும் மறுப்பதற்கில்லை. நந்தினியின் பிறப்பைப் பற்றிய மர்மம் நூலாக ஒருசேரப் படிப்பார்க்குச் சற்று இழுவையே. (ஏழு நாள் காத்திருந்து படித்தவர்க்கு அது வேண்டிய நினைவூட்டலாக இருந்திருக்கும்.) ஆயினும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி திட்டமாகக் கூறாமலே விட்டார். அந்த விடையைத் தேடியே நாம் சங்க நூலகத்தில் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ நூலை எடுத்தோம்; பக்கத்து அடுக்கில் இருந்த ‘மோகமுள்’ளும் அன்றே கைக்கு வந்தது. தரமான நூலுக்குத் தரம் குறைந்ததெனப்பட்ட நூலே வழிகாட்டிற்று.

இன்று நம் பிள்ளைகள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களின் வாயிலாகக் கதையை அறிந்துவிட்டனர். அடுத்து என்ன என்னும் தவிப்பு அவர்கட்கு இல்லை. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்க மறுத்த நம் மகளிடம், இறுதியில் மகுடம் சூடுபவர் யார் என்பதில் படமும் நூலும் வேறுபடும் என்று மட்டும் கூறினோம். எவ்வாறு வேறுபடும் என்று பன்முறை கேட்டாள். நாம் வாய் திறக்கவில்லை. இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள்.