இறுக்கமும் இளக்கமும்

குப்பத்திலிருந்து பலமனேர் போகும் சாலையில் இருக்கிறது சாந்திபுரம். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் தோள் உரசும் மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேலே 600 மீட்டரைத் தாண்டிய உயரம். தெலுங்கில் தொடங்கும் பேரம் தமிழில் முடியும் ஊர்ப்பக்கம். பட்டுப்பூச்சிக்கான மல்பெரி இலைக்கட்டையும் பால் கேனையும் ஒரு காலத்தில் சுமந்த கறுப்பு சைக்கிள்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. மொபெட் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போகக் காத்திருக்கிறார்.

அவர் கைக்குப் போகுமுன் அந்த வண்டியை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் போக சைக்கிள் தேடுகிறவர்கள் இன்று லட்சங்களைச் செலவு செய்து தேடும் குணங்களில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. சாந்திபுரத்திலிருந்து வி.கோட்டா, பலமனேர், மொகிலி கணவாய், பங்காருபாளையம், சித்தூர், பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போனால் 150 கிலோமீட்டருக்கு மேல். முதலில் ஏற்றமும் இறக்கமுமான மேட்டு நிலம். மொகிலியில் நீண்ட இறக்கம். அப்புறம் வெக்கையும் லாரிகளும். அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் வண்டிக்கு வேண்டியது வேகம் மட்டும் இல்லை. எங்கே இறுக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு சைக்கிளின் அழகு முழுவதும் அந்தத் தெளிவில் இருக்கிறது.

அதன் வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் என்ற பெயர்கள் தெற்கத்திய வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வழியில். அட்லஸ் சோனிபட்டிலிருந்தும் ஹீரோ லூதியானாவிலிருந்தும் வந்தன. பெயர் எதுவானாலும் உடல்வாகு ஒன்றுதான்.

முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாய் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். ரேஸ் சைக்கிளில் இந்தச் சாய்வு 73 பாகையை ஒட்டி இருக்கும்; இதில் 68க்குப் பக்கம். அதிலிருந்து இறங்கும் ஃபோர்க் கால்கள் கடைசி ஒரு சாணில் மெலிந்து முன்னோக்கி வளையும். அந்த வளைவை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. குழியில் இறங்கும்போது அந்த மெல்லிய முனை மயிரிழை அளவு வளைந்து கொடுத்து, அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வருமுன் பாதியை விழுங்கிவிடும். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் உள்ள நீளமும் அதிகம். அதனால் திருப்பத்தில் சோம்பேறி, நேர்சாலையில் பரமசாது. கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்தாலும் வண்டி தன் பாட்டுக்குப் போகும். ஆறு மணி நேரம் மிதித்தவருக்குத்தான் அந்தச் சோம்பலின் அருமை தெரியும்.

குழாய்கள் கூடும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இரும்பு உறை. குழாய் அதற்குள் நுழைந்து, இடுக்கில் உருகிய பித்தளை ஓடி இரண்டையும் பிணைத்திருக்கும். உறையின் ஓரம் கூர்முனையாக இழுத்து விடப்பட்டிருந்தால் அது நல்ல வேலை. விறைத்த மூட்டிலிருந்து இளகும் குழாய்க்குப் பாரம் சட்டென்று தாவாமல் சாய்வாக இறங்க வேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது.

இதே யோசனையை எஃகின் உள்ளேயே கொண்டுபோனது பர்மிங்காம் ரெனால்ட்ஸ். குழாயின் இரு முனையிலும் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும்படி இழுக்கும் முறைக்கு 1897இல் காப்புரிமை பெற்றார்கள். 1935இல் வந்த அவர்களுடைய 531 குழாயில் செய்த ஃபிரேம் கிடைத்தால் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். முனையில் ஒலி கட்டையாக இருக்கும். நடுவில் திறந்து கேட்கும். வெளியே ஒரே கனமாகத் தெரியும் குழாய்க்குள் இருக்கும் நயம் காதுக்கு மட்டும் பிடிபடும். 1928 முதல் ரெனால்ட்ஸும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தில்தான் இருந்தது. அந்த வகையில் அம்பத்தூர் வண்டிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. 1955இல் ஆவடியிலேயே குழாய் ஆலை வந்துவிட்டது. நம் கறுப்பு வண்டிக்குக் கிடைத்தது கனத்த சாதாரணக் குழாய்தான். மூட்டை சுமக்கப் பிறந்தவனுக்கு மெல்லிய சட்டை எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

சக்கரத்துக்கு வருவோம். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. கேரியர் பாரமும் ஆள் பாரமும் பின்னால் இறங்குவதால் இந்தக் கணக்கு. கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகக் கிளம்பாமல் சாய்ந்து கிளம்பி ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்ற பின்னல் அது. மிதிக்கும் விசை ஹப்பை முறுக்கும்போது பாதிக் கம்பிகள் இழுக்கும், பாதி இளகும். நின்ற வண்டியிலும் இதே கதைதான். பாரம் ஏறினால் தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவை குறைகிறது. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. இதை 1981இல் சக்கரத்தைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதி விளக்கினார் ஜாப்ஸ்ட் பிராண்ட். முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருந்தால்தான் கீழ்க்கம்பியால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியும். தொய்ந்த கம்பியிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அது அசைந்து அசைந்து கழுத்தில் முறியும்.

பெண்டு எடுக்கத் தெரிந்த மெக்கானிக் இதை விரலால் அறிவார். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே கம்பிகளை நகத்தால் மீட்டுவார். ஒரு பக்கத்துக் கம்பிகள் ஒரே சுதியில் பேச வேண்டும். தம்பூராவுக்குச் சுதி சேர்க்கிறவர் போல, இறங்கி ஒலிக்கும் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்புவார். அதோடு நிறுத்தமாட்டார். எதிர்க்கம்பியைக் கால் சுற்று விடுவார். ஓரிடத்தில் இறுக்கினால் இன்னோரிடத்தில் இளக்க வேண்டும். இல்லையென்றால் ரிம் நேராகும், ஆனால் வட்டம் போய்விடும்.

டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். இருபது முப்பது ஆண்டுகளுக்குமுன் நெடுந்தூர ஓட்டிகள் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். 23 மில்லிமீட்டர் டயரைக் கல்லாக அடித்துக்கொண்டு ஓட்டிய காலம். பிறகு அமெரிக்காவில் ஜான் ஹைனே போன்றவர்கள் தம் இதழில் சோதனைகளை வெளியிட்டு, மிருதுவான அகல டயர் குறைந்த காற்றிலும் மெதுவாகப் போவதில்லை என்று வாதாடினார்கள். அதிர்ச்சி உடம்பில் ஏறும்போது அதுவும் சக்தி விரயம்தான். இன்று 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவே என்னும் நேரக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டங்களை ஓட்டுகிறவர்களின் வண்டிகளில் டயர் தடித்துக்கொண்டே வருகிறது. இருநூறை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம், அறுநூறுக்கு நாற்பது மணி நேரம் என்று விதி. 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி. அவ்வளவு நேரம் உட்கார வேண்டியவருக்கு ஒன்றரை அங்குலக் காற்று எவ்வளவு பெரிய வரம்!

உட்காருவது என்றதும் சீட். பழைய வண்டியில் ரெக்ஸின் போடாத தோல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். தடித்த ஒற்றைத் தோலை முன்மூக்குக்கும் பின் வளைவுக்கும் இடையில் தொட்டிலாகக் கட்டி, செப்பு ரிவெட் அடித்திருப்பார்கள். 1866இல் தொடங்கிய ப்ரூக்ஸ் கம்பெனியின் வழிவந்த வடிவம். பஞ்சு சீட் முதல் நாளே சுகமாக இருக்கும், மூன்றாம் மணியில் கைவிடும். தோல் சீட் முதலில் முரண்டு பிடிக்கும். வியர்வையும் பாரமும் சேர்ந்து இரண்டு உட்கார்வெலும்பு இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தபின் இன்னொருவருக்குப் பொருந்தாது. மூக்கின் அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. தோல் தொய்ந்தால் அதைச் சிறிது முறுக்கலாம். ஆர்வக்கோளாறில் அதிகம் முறுக்கினால் தோல் கிழியும். குப்பத்திலிருந்து மலை இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர்; தோல் தெரிந்த ஊர்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் வாசம் அறிந்த மூக்குக்கு, நல்ல சீட் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீட்டெடுக்கும் வேலையின் உச்சம் பால்ரஸ் போடுவது. முன்ஹப்பில் பக்கத்துக்குப் பத்து சின்னக் குண்டு, பின்ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டு. மண்ணெண்ணெயில் கழுவி டப்பா மூடியில் கொட்டினால் நல்ல குண்டு கண்ணாடியாக மின்னும். சாம்பல் பூத்ததைத் தூக்கி எறிய வேண்டும். ஒரு குண்டு போனால் அத்தனையும் புதிது. கிரீஸில் பதித்து, அச்சை நுழைத்து, கோனைத் திருக வேண்டும். இங்கேதான் கை தெரியும். செக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் திரும்பும். அந்தக் கொஞ்சத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் தளர்வாக விட வேண்டும். சரியாக அமைந்ததற்குச் சாட்சி வால்வு. சக்கரத்தைத் தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் வைத்து, தொடாமல் விடுங்கள். அந்தத் துளி பாரத்திலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, வால்வு கீழே வந்து, தாண்டி, யோசித்து, திரும்பி ஊசலாடி நிற்கும். அதே சக்கரத்தை ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஒரு லொடலொடப்பும் இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக வாய்த்தால் வேலை முடிந்தது.

மேட்டுக்கு என்ன வழி என்பார்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். திருப்பதியிலிருந்து திரும்பும்போது மொகிலியில் அது முழங்காலை வாங்கிவிடும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் மிதிக்கு நாலரை மீட்டர், மலிவான வைத்தியம். வசதி உள்ளவர் ஸ்டர்மி–ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பைத் தேடலாம். 1936இல் வந்த அதன் ஏ.டபிள்யூ. வகையில் முதல் கியர் முக்கால், நடுக்கியர் ஒன்று, மூன்றாவது ஒன்றேகால் சொச்சம். எல்லாப் பல்லும் எண்ணெயில் ஊறி உள்ளேயே சுழல்கின்றன. தூசிக்கும் மழைக்கும் அங்கே இடமில்லை. நடுக்கியரில் மிதிக்கும்போது டிக் டிக் என்று பேசும் ஹப், முதல் கியர் விழுந்ததும் மௌனமாகிவிடும். மேடு ஏறுகிறவர் கியரைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் புகழ்ந்தால் அது நயம் பாராட்டல் இல்லை, துதி. கம்பி பிரேக்கைச் சொல்லாமல் விட முடியாது. நெம்புகோலும் கம்பியுமாக அது இறங்கிவரும் வழி பார்க்க அழகு; ரப்பர் கட்டை ரிம்மின் உள்வட்டத்தை மேல்நோக்கிக் கவ்வுவதால் ரிம் கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை. ஆனால் நனைந்த எஃகு ரிம்மில் அது பிடிக்கும் லட்சணம் மொகிலி இறக்கத்துக்கு ஆகாது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர் அலுமினிய ரிம்மும் அதற்கேற்ற பிரேக்கும் மாற்றிக்கொள்வதே மரியாதை. பழமைப் பற்று வளைவில் வரும் லாரிக்குத் தெரியாது.

பெயிண்டை மட்டும் தொடாதீர்கள். சூளையில் சுட்ட கறுப்பு எனாமலின் ஆழம் இன்றைய ஸ்ப்ரேயில் வராது. அதன்மேல் நீண்ட மயிர்த் தூரிகையால் இழுத்த தங்க லைன் எங்காவது ஓரிடத்தில் சற்றே தடித்திருக்கும். தூரிகையில் புதிதாக வர்ணம் ஏற்றிய இடம் அது. துருவை மட்டும் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

இத்தனைக்கும் இந்த வகையறா வண்டியால் தூரம் போக முடியுமா என்று சந்தேகப்படுகிறவருக்கு: 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர் கூட்டத்தில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா மூவரும் உலகைச் சுற்றி 44,000 மைல் மிதித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். கார்பனும் டைட்டானியமும் சைக்கிளுக்கு வராத காலம்.

இனி வாங்கும் முறை. பாருக்கு மேல் கால் போட்டு நின்று 20, 22, 24 அங்குலத்தில் உங்கள் உயரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்மூட்டுக்கு அடியில் கீழ்க்குழாயில் பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, வேண்டாம். பிறகு ஒரு நூல். பின் அச்சு உட்காரும் இடத்தில் கட்டி, முன்குழாயைச் சுற்றி, மறுபக்கத்து அச்சிடத்தில் கொண்டுவந்து முடியுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். பெடல் கழற்றும்போது இடது பக்கத்து மரை எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கினால் கிராங்க் கெடும். விற்பவர் முன்னால் மானமும் போகும்.

பேரத்திலும் வண்டியின் விதியே உதவும். ஃபிரேமும் ஃபோர்க்கும் நேராக இருக்கிறதா என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கோணிய ஃபிரேமை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டயர், செயின், பால்ரஸ், கம்பி எல்லாம் எப்படியும் மாற்றப்போகிறவை. அவற்றின் அழுக்கைக் காட்டி விலையைக் குறைக்கத் துடிக்க வேண்டாம். எடைக்குப் போடவிருந்த வண்டிக்கு இரும்புக் கடைக்காரர் தருவதைவிட நூறு ரூபாய் கூடக் கொடுத்தால், அந்த வீட்டுப் பெரியவர் உள்ளே போய், எங்கோ கழற்றி வைத்த தோல் சீட்டையும் தேடி எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.