உருவமும் உள்ளடக்கமும்: விழிப்புலனற்றோரும் கணினி மென்பொருளும் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தில் உருவம் பெரிதா, உள்ளடக்கம் பெரிதா என்ற வாதம் ஈழத்து விமர்சன உலகிற்குப் புதியதன்று. உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து வழிபட்டோரையும், உள்ளடக்கத்தை மாத்திரம் கணக்கிலெடுத்து உருவத்தைப் புறக்கணித்தோரையும் நாம் கண்டிருக்கிறோம். இவ்விரு சாராருக்குமிடையே நிகழ்ந்த வாதங்கள் பெரும்பாலும் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றுடனேயே நின்றுவிட்டன. ஆயின், இதே வினா இலக்கியத்துக்குப் புறம்பான துறையொன்றிலே, பலரின் கல்வியையும் தொழிலையும் தீர்மானிக்கும் நடைமுறைப் பிரச்சினையாக எழுந்துள்ளது. பார்வையற்ற ஒருவர் கணிதச் சமன்பாடொன்றை, செய்நிரலொன்றை, புள்ளிவிபர வரைபொன்றைக் கணினியின் துணையுடன் எவ்வாறு வாசிப்பது என்பதே அப்பிரச்சினையாகும்.

இவ்விடயம் பேசப்படும்போதெல்லாம் இரக்கத்தின் மொழியே முன்னிற்கக் காண்கிறோம். ‘தொழினுட்பம் விழிப்புலனற்றோருக்கு அளித்த கொடை’ என்ற வகையான தொடர்கள் பத்திரிகைகளிற் சர்வசாதாரணம். கொடை என்றவுடன் கொடுப்போன் ஒருவனும் பெறுவோன் ஒருவனும் உளர் என்றாகிறது. வரலாற்றை நோக்கின் இக்கருத்து உண்மைக்கு மாறானது என்பது தெளிவாகும். இத்துறையின் முக்கியமான சாதனங்களுட் பலவற்றை ஆக்கியோர் விழிப்புலனற்றோரே. அவர்கள் எதை ஆக்கினர், எந்தத் தடையை எதிர்த்து ஆக்கினர், அவர்தம் ஆக்கங்களின் எல்லை யாது என்பனவற்றை விமர்சன நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு முன்னோடியைக் குறிப்பிடல் வேண்டும். 1918இல் நியூயோர்க்கிற் பிறந்த ஏபிரகாம் நெமத் பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதத்தில் அவருக்கிருந்த நாட்டம் பெரிது. ஆனால், பார்வையற்ற ஒருவருக்குக் கணிதம் ஏற்ற துறையன்று என அறிவுரை கூறப்பட்டதால் அவர் உளவியல் கற்க நேர்ந்தது. பின்னர் கணிதத்துக்கே திரும்பிய அவர், கணிதத்தைப் பிறெயில் முறையில் எழுதுவதற்கென ஒரு குறியீட்டு முறைமையை வகுத்தார். 1952இல் வெளியான அது நெமத் முறை என வழங்கலாயிற்று. 1955 முதல் டெற்றோயிற் பல்கலைக்கழகத்திலே கணிதம் கற்பித்தார். நெமத்தைத் தடுத்தது அவரது கண்ணா, கணிதத்தின் எழுத்துமுறையா? அச்சிலே கணிதம் தாளின் நீள அகலமிரண்டையும் பயன்படுத்துகிறது. பின்னத்தின் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் நிற்கின்றன. அடுக்கெண் சிறுத்து உயர்ந்து நிற்கிறது. பிறெயிலோ ஒரே வரியில் ஓடுவது. மேலும் கீழும் நிற்பதை வரியில் ஓடுவதாக ஆக்கும் மார்க்கம் கிடைத்தவுடன் ‘ஏற்ற துறையன்று’ என்ற தீர்ப்பு தானாகவே செயலிழந்தது. இயற்கையின் விதி எனக் கருதப்பட்டது ஓர் எழுத்துமுறையின் வரம்பாகவே இருந்தது.

கணினியின் வரவு இவ்வரம்பை முற்றாக நீக்கியிருக்கலாம். 1980களில் வழக்கிலிருந்த கணினிகளின் திரையில் எழுத்துக்களே தோன்றின. அவ்வெழுத்துக்கள் கணினியின் நினைவகத்தில் எழுத்துக்களாகவே இருந்தமையால், அவற்றை எடுத்துப் பேச்சொலியாக்கும் ‘திரைவாசிப்பான்’ என்னும் மென்பொருளை ஆக்குதல் சாத்தியமாயிற்று. விபத்தொன்றிற் பார்வையிழந்த ரெட் ஹென்ரரின் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘ஜோஸ்’ இத்தகையது. பார்வையற்ற செய்நிரலாளர் ஏனையோருடன் ஏறத்தாழச் சமமாகத் தொழில் புரிந்த காலம் அது. 1990இல் வெளியான மூன்றாம் வின்டோஸ் பதிப்பையடுத்துப் படவடிவத் திரை பரவலாயிற்று. எழுத்து புள்ளிகளாலான சித்திரமாயிற்று. கட்டளையை எழுதுவதற்குப் பதிலாகப் படத்தைச் சுட்டி அழுத்த வேண்டியதாயிற்று. பார்வையுள்ளோருக்கு இது முன்னேற்றம். பார்வையற்றோருக்கோ கையிலிருந்த தொழிலே பறிபோகும் அபாயம். ஹென்ரரின் மென்பொருள் வின்டோஸுக்கு ஏற்றதாக வெளிவருவதற்கு 1995 வரை செல்லவேண்டியிருந்தது. தொழினுட்ப வளர்ச்சி தன்னளவிலேயே அனைவருக்கும் முன்னேற்றம் என நம்புவோர் இவ்வைந்தாண்டு இடைவெளியை மனங்கொள்ளல் வேண்டும்.

இப்பின்னணியிலேயே ரி. வி. இராமனின் ஆக்கங்களை நாம் நோக்குதல் தகும். புனேயிற் பிறந்து, பதினான்காவது வயதிற் பார்வையை முற்றாக இழந்து, பம்பாய் இந்தியத் தொழினுட்ப நிறுவகத்திற் பயின்றவர் இராமன். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அவர் நிறைவு செய்த கலாநிதிப்பட்ட ஆய்வு, விஞ்ஞான, கணித நூல்களைக் கணினி வாயிலாகச் செவிப்புலனுக்கு உரியனவாக்குவது பற்றியது. அதன் பயனாக எழுந்த மென்பொருளுக்கு ‘ஆஸ்ரர்’ என்று பெயர். அது அவருடைய வழிகாட்டி நாயின் பெயருமாகும்.

ஆஸ்ரரின் சிறப்பு அது எதை வாசிக்கிறது என்பதிலேயே தங்கியுள்ளது. அது அச்சிட்ட பக்கத்தை நோக்குவதில்லை. கணிதவியலாளர் தமது கட்டுரைகளை எழுதப் பயன்படுத்தும் ‘லேற்றெக்’ என்னும் முறைமையில், ‘இது பின்னம், இது அதன் தொகுதி, இது பகுதி’ என்றவாறு அமைப்பே எழுதப்படுகிறது. பக்கத்தில் அது எவ்வாறு தோன்ற வேண்டுமென்பது பின்னர் நிகழும் காரியம். ஆஸ்ரர் அவ்வமைப்பை எடுத்துக் கிளைவிட்ட மரம் போன்றதொரு வடிவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. ‘அ கூட்டல் ஆ வகுத்தல் இ’ என்று ஒருவர் வாசிப்பாராயின், கூட்டுத்தொகை முழுவதும் வகுபடுகிறதா, ‘ஆ’ மட்டும் வகுபடுகிறதா என்பது கேட்போருக்குப் புலனாகாது. பக்கத்திலே கிடைக்கோடு தீர்த்துவைக்கும் இவ்வையத்தைச் செவிக்கு எவ்வாறு தீர்ப்பது? இராமன் குரலின் இயல்புகளையே இதற்குப் பயன்படுத்தினார். அடுக்கெண் வரும்போது சுருதி உயர்கிறது. உட்பிரிவுகள் குரல் வேறுபாட்டால் உணர்த்தப்படுகின்றன. நீண்ட கோவையாயின், முதலில் அதன் பெரும் பகுதிகளுக்குப் பெயரிட்டு எலும்புக்கூட்டை மாத்திரம் கூறிப் பின்னர் ஒவ்வொன்றையும் விரிக்கலாம். கேட்போர் தாம் விரும்பிய கிளைக்குச் சென்று அதனை மட்டும் திரும்பக் கேட்கலாம்.

இங்கு உருவம் கைவிடப்படவில்லை. உள்ளடக்கம் ஓர் உருவத்தினின்றும் நீங்கி, செவிக்கே உரியதான வேறோர் உருவத்தைப் பெறுகிறது. உருவமற்ற உள்ளடக்கம் என ஒன்று இல்லை என்ற நம் விமர்சகர்களின் முடிபுக்கு இதனிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. அதேவேளை, ஓர் உருவமே அவ்வுள்ளடக்கத்தின் ஒரே உருவம் எனக் கருதும் மயக்கத்தையும் இது கலைக்கிறது.

1995இல் இராமன் வெளியிட்ட ‘ஈமாக்ஸ்பீக்’ இக்கோட்பாட்டை அன்றாடத் தொழிலுக்கு விரிவுபடுத்தியது. ஈமாக்ஸ் என்பது செய்நிரலாளர் நிரல் எழுதவும் கடிதம் வாசிக்கவும் இன்னும் பலவற்றுக்கும் பயன்படுத்தும் மென்பொருள். அதிலுள்ள நாட்காட்டியில் ஒரு திகதியின் மீது நிற்கும்போது, சாதாரணத் திரைவாசிப்பான் திரையிலுள்ளவாறு ‘பன்னிரண்டு’ என்று மட்டும் கூறும். ஈமாக்ஸ்பீக் கிழமை, மாதம், திகதி, ஆண்டு அனைத்தையும் கூறும். முன்னையது திரையைப் படிக்கிறது. பின்னையது திரைக்குப் பின்னால் மென்பொருள் அறிந்திருப்பதைப் படிக்கிறது. நிரலின் பல்வேறு உறுப்புக்களைப் பார்வையுள்ளோர் நிறங்களால் வேறுபடுத்தி அறிவதுபோல, ஈமாக்ஸ்பீக்கில் அவை வெவ்வேறு குரல்களால் வேறுபடுகின்றன.

இதனைச் சாத்தியமாக்கிய பொருளாயத நிலைமையொன்றும் உண்டு. ஈமாக்ஸின் மூலநிரல் எவரும் வாசிக்கவும் மாற்றவும் கூடிய பொதுச்சொத்துப் போன்றது. அதன் செயற்பாடுகளுடன் தமது பேச்சுச் செயற்பாடுகளைப் பிணைப்பதற்கு இராமன் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. மூடிய மென்பொருளொன்றில் இது இயலாது. அறிவுச் சாதனத்தின் உடைமை எவரிடமுள்ளது என்ற வினா, அதனை எவர் பயன்படுத்த முடியும் என்ற வினாவினின்றும் பிரிக்கவொண்ணாதது.

இவ்வளவு கூறியபின் இவ்வாக்கங்களின் எல்லையையும் கூறாவிடின் அது பாராட்டுரையாகுமேயன்றி விமர்சனமாகாது. ஈமாக்ஸ்பீக் ஈமாக்ஸின் உலகினுள்ளேயே பேசுவது. அவ்வுலகினுள் நுழையக் கடும் பயிற்சி வேண்டும். தொழிலகத்திலும் அலுவலகத்திலும் ஊழியர் தாம் விரும்பிய மென்பொருளைத் தெரிவதில்லை. நிறுவனம் தெரிந்ததையே கையாளுகின்றனர். தனியொரு மேதை தமக்கென அமைத்த இல்லம் எத்துணை நேர்த்தியானதாயினும், தெருவிலுள்ள ஏனைய கட்டடங்களின் வாயில்கள் அதனால் திறந்துவிடா.

விலையும் ஒரு வாயிலே. ஜோஸ் நீண்டகாலமாக ஆயிரம் அமெரிக்க டொலரளவில் விற்கப்பட்டது. மூன்றாம் உலக நாடுகளின் மாணவருக்கு இது எட்டாத தொகை. 2006இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரான மைக்கல் கரன், பார்வையற்றோர் பார்வையுள்ளோரிலும் கூடுதலாகப் பணம் செலுத்தியே கணினியைப் பயன்படுத்த வேண்டுமென்ற நிலையை ஏற்காது, ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். அவரைப் போன்றே பார்வையற்றவரான ஜேம்ஸ் ரேயும் அதில் இணைந்தார். இலவசமாகவும் திறந்த மூலநிரலுடனும் வழங்கப்படும் அது விலைத்தடையைப் பெரிதும் தகர்த்தது. ஆயினும், எந்தத் திரைவாசிப்பானும் மென்பொருள் தன்னிடம் கூறுவதையே கூறவல்லது. பொத்தானுக்குப் பெயர் இடப்படாவிடின் ‘பொத்தான்’ என்றுமட்டுமே அது ஒலிக்கும். பெயரற்ற முப்பது பொத்தான்களின் நடுவே நிற்கும் பொறியியல் மாணவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். எனவே, பொறுப்பு மீண்டும் மென்பொருளை ஆக்குவோரிடமே வந்து சேர்கிறது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழலாம். சில விடயங்கள் இயல்பிலேயே கட்புலனுக்குரியன அல்லவா? இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. புள்ளிகள் சிதறிக் கிடக்கும் வரைபொன்றைக் கண் ஒரு கணத்திற் பற்றுவதுபோல் வாக்கியம் பற்றாது. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியலாளரும் பார்வையற்றவருமான யொனதன் கொட்ஃபிறே இதனை நன்கறிந்தவர். புள்ளிவிபர மென்பொருள்களைப் பார்வையற்றவரின் நிலையினின்று அவர் ஒப்பிட்டெழுதிய கட்டுரை 2013இல் வெளியாயிற்று. ‘ஆர்’ என்னும் புள்ளிவிபர மொழிக்கென அவர் ஆக்கிய ‘பிறெயில்ஆர்’ என்ற தொகுதி, வலையுருவரையமொன்றை வரைந்தவுடன் அதன் ஒவ்வொரு நிரலிலும் எத்தனை தரவுகள் உள்ளன என்பதை எழுத்திற் தருகிறது. இது வரைபுக்கு முழு ஈடாகாது; எதைக் கூறுவது, எதை விடுவது என்ற தேர்வும் இதில் உண்டு. ஆயினும், படத்தின் முன் வாய்மூடி நிற்பதினின்றும் இது வெகுதூரம் கடந்த நிலை.

மேலும், பெரும்பாலான தடைகள் இவ்வாறான இயல்புச் சிக்கலால் எழுவன அல்ல. கணிதத்தை அமைப்புடன் எழுதுவதற்கான ‘மத்எம்எல்’ முறைமை 1998இலேயே விதந்துரைக்கப்பட்டது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி நெறிகள் 1999இல் வெளியாயின. ஆய்வாளர் தம் கட்டுரைகளை வைக்கும் பெருங்களஞ்சியமான ‘ஆர்க்சிவ்’, திரைவாசிப்பானுக்கு இசைவான இணையப் பக்க வடிவில் அவற்றைப் பரவலாக வழங்கத் தொடங்கியதோ 2023 இறுதியிலேயே. இக்கால் நூற்றாண்டுத் தாமதத்துக்குத் தொழினுட்பம் காரணமன்று. வாசகர் எவர் என்று ஆக்கியோர் மனதிற் கொண்டிருந்த படிமத்திலே விழிப்புலனற்றோர் இடம்பெறவில்லை என்பதே காரணம்.

பிறரைக் குறைகூறும் நாம் நமது முற்றத்தையும் நோக்குதல் வேண்டும். ஈழத்திலே பல்லாண்டுகளாகத் தமிழ்க் கட்டுரைகளும் வினாத்தாள்களும் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதப்பட்டு வந்துள்ளன. பாமினியில் நாம் ‘தமிழ்’ என்று காண்பது கணினியினுள் தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது, அவ்வளவே. அக்கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் ‘தமிழ்’ என்ற சொல் ‘ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி’ என்றே செவியில் விழும். கண்ணுக்கு உருவம் இருக்கிறது. உள்ளே உள்ளடக்கம் இல்லை. ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழையோ, தமிழ்க் குரலுடைய இலவசப் பேச்சொலி மென்பொருள்கள் வாசிக்கின்றன. அவற்றின் உச்சரிப்பு செம்மையானதன்று. எனினும் பொருள் புலப்படுகிறது.

ஆகவே, இவ்விடயத்தில் நம்மிடம் கோரப்படுவது இரக்கமன்று. கட்டுரைகளை ஒருங்குறியில் எழுதுதல், சமன்பாட்டைப் படமாக ஒட்டாது அமைப்புடன் எழுதுதல், வரைபின் கீழ் அது கூறுவதை இரு வாக்கியங்களிற் தருதல், மென்பொருளை வாங்குமுன் விழிப்புலனற்ற ஒருவரைக் கொண்டு அதனைச் சோதித்தல் ஆகிய இவை எவையும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. நெமத்துக்குக் கூறப்பட்ட அறிவுரையை இன்று எவரும் வாய்திறந்து கூறுவதில்லை. வாசிக்கவியலாத கோப்பொன்றை மாணவர் கையிற் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதே அறிவுரையை நாம் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்வது, இதனைத் திருத்துவதற்கான முதற்படியாகும்.