சாட்சிக் கூண்டுக்கு முந்தைய பேச்சு

முதல் சாட்சி கூண்டேறும் முன் வழக்கறிஞர் எழுந்து, தம் தரப்பு இன்னது, அதை இன்னின்ன சாட்சியத்தால் மெய்ப்பிப்போம் என்று சொல்வது தொடக்கவுரை. இறுதி வாதம் வந்துசேர்ந்த சாட்சியத்தின் மீது நடப்பது. தொடக்கவுரையோ வரப்போகும் சாட்சியத்தை நம்பி வாங்கும் கடன்.

அமெரிக்க மரபு ஜூரியை வைத்து வளர்ந்தது. சட்டம் படிக்காதவர்கள் முன் பேசுவதால் அங்கே கதை சொல்லும் திறனுக்கு மவுசு அதிகம். கடனை அடைக்காவிட்டால் அதற்கு விளைவும் உண்டு. 1988-இல் முடிவான ஆண்டர்சன் வழக்கில், எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வக்கீல் மனநல மருத்துவச் சாட்சியம் வரும் என்று ஜூரியிடம் சொல்லிவிட்டு அந்தச் சாட்சிகளை அழைக்கவே இல்லை. அது திறமையான சட்ட உதவி ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஆங்கிலேய மரபில் சுருதி இறங்கியே ஒலிக்கும். அரசுத் தரப்பு மிகைப்படுத்தக் கூடாது என்பது அங்கே எழுதாத ஒழுக்கம்.

இந்த இரண்டைவிட எனக்குச் சுவையாகப் படுவது நூரம்பர்க்கும் ஜெருசலேமும். 1945 நவம்பர் 21 அன்று, நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணையில், அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் தம் உரையை நாஜிகளின் சொந்த ஆவணங்கள் மேல் கட்டினார். சாட்சி பிறழலாம், எதிரியே கையெழுத்திட்ட காகிதம் பிறழாது. 1961 ஏப்ரலில் ஜெருசலேமில், யூத இனப்படுகொலையில் பங்கு கொண்ட நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைத் திறந்த இஸ்ரேல் அரசு வழக்கறிஞர் கிடியோன் ஹவுஸ்னர், மாண்ட அறுபது லட்சம் பேரும் தம்மோடு நின்று குற்றம் சாட்டுவதாகப் பேசினார். உள்ளத்தை உலுக்கிய உரைதான். ஆனாலும், யூதர்கள் பட்ட பாட்டைச் சுற்றியே வழக்கு நடந்தது, ஐக்மன் என்ன செய்தார் என்பது பின்னால் போயிற்று என்று அந்த விசாரணையைப் பற்றி எழுதிய ஹன்னா அரண்ட் குறை சொன்னார். நான் ஜாக்சன் கட்சி.

நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரி அமர்ந்த பின் தொடக்கவுரைக்கு இடம் வைத்தது. அந்நாளில் பரபரப்பாகப் பேசப்பட்ட லட்சுமிகாந்தன், ஆளவந்தார் கொலை வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன் நடந்தவை. அதன் இடத்தில் வந்த 1973 சட்டத்தில் ஜூரி போயிற்று. தொடக்கவுரை 226-ஆம் பிரிவாகத் தங்கியது, ஆனால் குற்றச்சாட்டு வனைவதற்கு முந்தைய கட்டத்துக்கு நகர்ந்தது. இன்னும் வனையாத குற்றச்சாட்டை விவரிக்கச் சொல்கிறது சட்டம்! குலாம் ஹசன் பெய்க் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவே மறந்துபோய்விட்டதாக வருந்தியது. இன்று அது, 1973 சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 249-ஆம் பிரிவு.

குற்றப்பத்திரிகைதான் நீதிபதி மேசையில் இருக்கிறதே, பேச்சு எதற்கு என்பார்கள். சாட்சி வாய்தாவுக்கு வாய்தா வருகிறார், இடையில் நீதிபதி மாறுதலில் போகிறார். புதிதாக வந்தவருக்குக் வழக்குக் கட்டைப் புரிய வைக்க நான்கு பக்கத் தொடக்கக் குறிப்பைவிட உதவுவது வேறில்லை.

அதை எழுதுவதற்கு நல்ல சீனியர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஓரத்தில் சாட்சி எண்ணையோ ஆவண எண்ணையோ போட வேண்டும். எண் கிடைக்காத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். நேரில் பார்த்தவர் இல்லாத கொலை வழக்கு என்று வையுங்கள். இறந்தவரை எதிரியோடு கடைசியாகப் பார்த்த டீக்கடைக்காரரில் தொடங்கத்தான் கை போகும். பிறழ் சாட்சியாவதில் முதலில் நிற்பவரும் அநேகமாக அவரே. பிரேதப் பரிசோதனை காட்டும் நேரத்தில் தொடங்கி, வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட கைப்பற்றுதல் மகஜருக்கு வந்து, டீக்கடைக்காரரை மூன்றாவதாக வைத்தால் அவர் சாய்ந்தாலும் வழக்கு நிற்கும். ‘கொடூரமாக’, ‘ஈவிரக்கமின்றி’ போன்ற சொற்களுக்கு ஓரத்தில் போட எண் கிடையாது.

எதிரித் தரப்பு தொடக்கவுரை நேரத்தில் வாய் திறக்காததை நான் குறை சொல்ல மாட்டேன். மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது. முதல் குறுக்கு விசாரணைக்கு முன்பே தன் கட்சியை விரித்தால், பின்னால் வரும் சாட்சிகள் அதற்கேற்பத் தயாராகிவிடுவார்கள். சம்பவ நேரத்தில் எதிரி வேறு ஊரில் இருந்தார் என்னும் கட்சி மட்டும் வேறு ரகம். அதை முதல் சாட்சியின் குறுக்கு விசாரணையிலாவது போட்டுவிட வேண்டும். கடைசியில் சொன்னால் பின்யோசனை என்று நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும்.