கேரவனில் ஏறிவிட்டால் போதுமா?

பிரிட்டனில் விடுமுறைக் காலத்தில் பல குடும்பங்கள் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே மாட்டி இழுத்துச் செல்கின்றன. நம் ஊரில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் அது எஞ்சின் இல்லாத இழுவை வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை யாவும் அதனுள் அடக்கம். வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால் என்ன செய்வது? "வாசலில் ஒரு சாய்பலகை போடுங்கள்" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. சொல்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வண்டியின் தளம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் என்று கொள்வோம். பலகையின் நீளம் 2 மீட்டர். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்றால், உராய்வை விட்டுவிட்டாலும், மேலே தள்ளத் தேவைப்படும் விசை 25 கிலோ எடைக்குச் சமம். இது பாதிக் கதைதான். ஈர்ப்பு மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு 10 செ.மீ. முன்னாலும் 50 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், சரிவு சுமார் 11 பாகையைத் தாண்டியதும் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். நம் பலகையின் சரிவோ 14 பாகைக்கும் மேல்! பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்தால் கவிழாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் வந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான 'எம்' வழிகாட்டி, 50 செ.மீ. ஏற்றத்தை ஒரே சரிவில் கடக்க 10 மீட்டர் நீளம் கேட்கிறது. அதாவது 20-க்கு 1. வண்டிகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆயினும் மனிதனின் தோள்வலிமை கட்டடத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று இல்லையே! சாதாரணக் கார் இழுக்கும் வண்டியின் உடல் நீளத்துக்கு அங்கே சட்டம் வைத்துள்ள வரம்பே 7 மீட்டர்தான். வண்டியைவிட நீளமான பலகையை எதில் ஏற்றிச் செல்வது?

சரி, பின்புறம் ஒரு மின்தூக்கியைப் பொருத்திவிடலாம் என்பார்கள். இங்கேதான் நெம்புகோல் விதி குறுக்கிடுகிறது. 1400 கிலோ வண்டியின் மூக்கு, காரின் கொக்கியை சுமார் 84 கிலோ எடையுடன் அழுத்துகிறது என்போம். வண்டி எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது பொதுவான பரிந்துரை. அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால் 100 கிலோ தூக்கி. கொக்கி 4 மீட்டர் முன்னால். மூக்கின் அழுத்தம் 62.5 கிலோ குறைந்து, சுமார் 21 கிலோ மட்டுமே எஞ்சும். அத்தகைய வண்டி வேகத்தில் பாம்புபோல் நெளியத் தொடங்கும். கூடுதல் எடை வைப்பதானால் அச்சுக்கு அருகில் வைக்கவேண்டும். மின்நாற்காலியை ஏற்றிச் செல்வோருக்கும் இது பொருந்தும். மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் திருப்புத்திறன் இதுதான்.

கதவை அகலப்படுத்துவதும் தச்சு வேலை மட்டும் அன்று. பல வண்டிகளில் சுவரும் தளமும் மெல்லிய பலகைகளுக்கிடையே நுரைப் பொருளை ஒட்டிய அடுக்குகள். வெட்டினால் வலிமை குறையும், மழைநீரும் நுழையும். கைப்பிடிகளை அந்த மெல்லிய பலகையில் திருகினால், ஆள் தடுமாறும்போது கைப்பிடி கையோடு வந்துவிடும். உள்ளிருக்கும் சட்டத்தில்தான் பொருத்தவேண்டும்.

நான்கு அடி நடக்கக்கூடியவருக்கு இத்தனையும் வேண்டாம். ஒரே உயரமான படிக்குப் பதில் தாழ்வான, அகலமான மூன்று படிகளும் இருபுறமும் உறுதியான பிடியும் போதும். சாய்பலகைக்காரர்கள் இதைச் சொல்வதேயில்லை.

உள்ளே போனபின் என்ன? நாற்காலி முழுவதும் திரும்ப சுமார் ஒன்றரை மீட்டர் வெட்டவெளி தேவை. வண்டியின் வெளி அகலமே சட்டப்படி 2.55 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதில் கட்டிலும் அடுப்பும் அலமாரியும் போக மிஞ்சுவது ஒரு சந்துதான். வாசலில் ஏறியவர் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக மனைவியையோ மகனையோ எழுப்பவேண்டுமென்றால் அதற்குப் பெயர் விடுமுறையா?

தாழ்தள நகரப் பேருந்துகள் நிறுத்தத்தில் காற்றுத் தாங்கிகளைத் தளர்த்தி ஒரு பக்கமாய்ப் பணிகின்றன. தளத்தைத் தரைவரை இறக்கும் சரக்கு இழுவை வண்டிகளும் உண்டு. வித்தை தெரியாமல் இல்லை. படியை முதலில் கட்டிவிட்டுப் பிறகு பலகை தேடும் பழக்கமே என் புகார்.

பழைய வண்டியைத்தான் மாற்றியாக வேண்டும் என்போர் ஒன்றைக் கவனிக்கட்டும். சக்கரம் சீராக உருள்வதற்காகத் தளத்தின்மேல் புதுப் பலகை அடிக்கும்போது, கீழே உள்ள காற்றுத் துளைகளை மூடிவிடக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே அந்தத் துளைகள்.